அந்த ஒருத்தர் யாரு?

— கதவைச் சாத்துங்கப்பா. வெளிய எல்லாரும் பாக்கறாங்க.

— சாத்தியாச்சு. உக்காரு.

— உக்காரல. பத்திரிகைக்காரங்க ரூமுக்கே பொண்ணு வந்து சண்டை போட்டான்னு அதையும் எழுதுவீங்க.

— நான் மாநாட்டைப் பத்தி மட்டும்தான்...

— எழுதிட்டீங்களே. எங்க வாட்சப் பத்திப் பேசிட்டு நான் மேடைய விட்டு இறங்கி ஒரு வாய் தண்ணி குடிக்கல, அதுக்குள்ள உங்க பத்திரிகை சைட்டுல வந்தாச்சு. "இந்தக் கைக்கடிகாரத்தை இதய நோயாளிகள் நம்பியிருக்க வேண்டாம்." சொந்தப் பொண்ணு எழுதின சாஃப்ட்வேர்.

— பொண்ணுன்னும் போட்டிருக்கேன். கடைசி வரியப் படிச்சியா?

— அதுக்குத்தான் எங்க எம்.டி. சிரிச்சாரா... "உங்கப்பாவே இப்படிச் சொல்றாரே"ன்னு.

— சொல்லட்டும்.

— அத்தனை டெவலப்பருங்க உக்காந்திருக்காங்க. மைக்கைப் பிடிச்சு எழுந்து நின்னு, "நெஞ்சுல கோளாறுன்னா அடிக்கற அலாரம் எப்பவாவது அடிக்காமப் போயிருக்கா"ன்னு கேக்கறீங்க. வீட்டுல கேட்டா நான் சொல்ல மாட்டேனா?

— சொல்லுவியா? மேடையில என்ன சொன்ன?

— ஒரு தடவைகூட இல்லன்னு சொன்னேன்.

— நிஜமா?

— அப்பா, இது விசாரணைக் கமிஷன் இல்ல.

— நிஜமான்னு கேட்டேன்.

— ...சில சமயம். போன்ல பேட்டரி குறைஞ்சா அது எங்க ஆப்பைத் தூங்க வச்சிடுது. அப்ப வாட்சுல அலாரம் அடிக்காது. அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்.

— தெரிஞ்சேதான் விக்கறீங்க.

— எல்லா சாஃப்ட்வேர்லயும் பக், சின்னச் சின்னத் தப்பு இருக்கும். இத்தனை வருஷமா அதைத்தானே எழுதறீங்க, புதுசா கேக்கற மாதிரி...

— பாட்டு கேக்கற ஆப் நின்னு போனா நானும் கிண்டலா நாலு வரி எழுதிட்டுப் போவேன். இது நெஞ்சும்மா.

— மேடை ஏறறப்ப எனக்கு எவ்வளவு பயம், தெரியுமா? முதல் வரிசையில உங்களைப் பாத்ததும்தான் தைரியமே வந்துது. நீங்க என்னடான்னா கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— உனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டேன். "குறை இருக்கு, சரி பண்றோம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதைத்தான் எழுதியிருப்பேன்.

— சொல்லியிருந்தா அங்கயே வேலை போயிருக்கும்.

— போகட்டும்.

— சுலபமா சொல்லிட்டீங்க. சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வலி வந்தபோது அது ஒலிக்கவில்லை." அந்த ஒருத்தர் யாரு?

— அது வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? அப்படி ஒரு ஆளே இல்ல. கதை விடறீங்க.

— இருக்கு.

— புகார் வந்தா முதல்ல எங்கிட்டதான் வரும். ஒண்ணும் வரல. போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது காதுல ஓதினானா?

— வார்த்தைய அளந்து பேசு.

— அப்ப பேரைச் சொல்லுங்க. வெளிய எம்.டி. நிக்கறாரு. என்னன்னு சொல்ல? எங்கப்பா பொய் எழுதிட்டாருன்னா?

— சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா.

— வாங்கியிருக்காளா... யாரு?

— உங்கம்மா. போன மாசம், நீ வெளியூர் போயிருந்தப்ப. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் முதல் வேலையா அந்தச் சத்தியத்தைத்தான் வாங்கினா. அன்னிக்கு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போறேன், கையத் தட்டி விடறா. "வெறும் வாயுங்க. பெருசா ஏதாவதுன்னா இந்நேரம் இது அடிச்சிருக்கும். எம்பொண்ணு செஞ்சது"ன்னு சொல்லிட்டு... மயங்கி விழற வரைக்கும் அந்த வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தாம்மா.