இல்லாத படி

இந்த நாற்காலி எனக்குப் பத்தாது. பரவாயில்லை, எந்த நாற்காலியும் பத்தாது. ஓரமாக உட்கார்ந்தே பழகிவிட்டது. கைப்பிடி முறிந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சண்டையில் விதிமீறல் ஏதும் நடந்ததா என்று விசாரிக்கத்தான் குத்துச்சண்டைச் சங்கம் உங்களை அனுப்பியிருக்கிறது. நடக்கவில்லை. கையுறை சரியாக இருந்தது. நடுவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவை எத்தனை தடவை ஓட்டினாலும் உங்களுக்கு ஒன்றும் அகப்படாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஹெவிவெயிட் சாம்பியன் யாருக்கும் பயப்பட மாட்டான் என்று வெளியே நினைக்கிறார்கள். பட்டம் இல்லாதவன் வேண்டாமென்று எழுந்து போய்விடலாம். பட்டம் உள்ளவன் யாரோடாவது மோதியே ஆகவேண்டும். யாரோடு என்பது மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது.

எனக்கு எதிராளி தேடித் தருகிறவரைத் தரகர் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுத் தரகர் மாதிரியே முதலில் ஒழுகுகிற வீட்டைக் காட்டுவார். அன்றைக்கும் பயிற்சிக்கூடத்தின் பின்னறையில், ஈரத் துண்டுகள் தொங்கும் கொடிக்குக் கீழே, மேஜைமேல் மூன்று புகைப்படங்களை வைத்தார். முதல் ஆளுக்குத் தொப்பை விழுந்திருந்தது. அவனை அடிப்பது சுலபம், ஆனால் டிக்கெட் விற்காது, பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டாவது ஆள் ஓர் இளைஞன், இடதுகைக்காரன். அவனிடம் அடி வாங்கிய ஒருவனுக்கு இன்னும் ஒரு காது கேட்கவில்லை. அந்த இளைஞனின் சண்டைகளை வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது, பயந்தேன்.

மூன்றாவது புகைப்படத்தில் என் மச்சினன் இருந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. பல வருடங்களாகப் பயிற்சியில் என்னிடம் அடி வாங்குவதுதான் அவன் வேலை. சாப்பாடு எங்கள் வீட்டில்.

"ஒரே வீட்டு ஆளுங்க மோதினா ஊரே திரண்டு வரும். இதுக்கு மேல காசு எதுலயும் கிடையாது. ஆனா உங்க அடியெல்லாம் அவனுக்கு அத்துப்படி. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தரகர்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தரகருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய வருடம் பயிற்சியில் அவன் வலது நெற்றிப்பொட்டில் ஓங்கி ஒன்று விட்டேன். அவன் விழவில்லை. இடது காலைத் தூக்கினான். எதிரே ஒரு படி இருப்பதாக நினைத்து ஏறப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. லைசென்ஸ் போயிடும். அக்காவுக்கும் தெரிய வேணாம்."

வாக்குக் கொடுத்தேன். அதன்பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. கால் தூக்கியதும் நான் மெதுவாக "இரு" என்பேன். அவன் இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டு என் தோளில் தலையைச் சாய்ப்பான். மூச்சு சீராகும்வரை பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்குக் களைத்துப்போய்க் கட்டிப் பிடித்திருக்கிறோம் என்று தோன்றும். அவன்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சண்டைக்கு முன் மருத்துவர் அவன் கண்ணில் விளக்கு அடித்தார், கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். நேராக நடந்தான். தலையில் அடி விழுந்தால்தானே கால் தூக்கும். நான் பக்கத்து அறையில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது. மனைவியும் தம்பிக்கு ஒரு பெயர் வரட்டும் என்று என்னிடம் கெஞ்சியிருந்தாள். அவனுக்குப் பெயர், வீட்டுக்குப் பணம், இடதுகைக்காரனிடமிருந்து எனக்குக் கொஞ்ச காலம் தப்பிப்பு. எந்தப் பக்கம் பார்த்தாலும் நல்லதாகத்தான் இருந்தது.

சண்டையில் அவன் பிரமாதமாக ஆடினான். தரகர் சொன்னது சரி, நான் தோளை அசைக்கும் முன்பே அவன் விலகியிருந்தான். என் உதடு கிழிந்தது. புள்ளியில் பின்தங்கிவிட்டேன் என்று மூலையில் பயிற்சியாளர் காதில் சொன்னார். என் வீட்டுச் சோற்றைத் தின்றவனிடம் பட்டத்தைத் தூக்கிக் கொடுப்பதா என்று எனக்கு எரிந்தது. அடுத்த சுற்றில் அவன் பொட்டில் ஒரு அடி விழுந்தது.

கால் தூக்கினான். நடுவருக்கு அது கால் மாற்றி ஆடுவதாகத்தான் பட்டிருக்கும். நான் "இரு" என்றேன். அவன் கைகளைக் கீழே போட்டான். தலை என் தோளுக்கு வந்துகொண்டிருந்தபோது அடித்தேன்.

மனைவி முன்வரிசையில் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்க வாய் அசைஞ்சுதே. அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

மன்னிப்புக் கேட்டேன் என்றேன். அவள் என் மார்பில் சாய்ந்து அழுதாள்.

இப்போது அவன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கூடத்தில் சமதளத்தில் நடக்கும்போதே காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். சில சமயம் வெறி வந்து தட்டை வீசுவான், அக்காவையே அடிக்க வருவான். நான் "இரு" என்றால் போதும், கை தானாக இறங்கிவிடும். வந்து என் தோளில் தலையை வைப்பான். நீங்கள் சொன்னால்தான் கேட்கிறான் என்கிறாள் மனைவி. அதனால் என்னை வெளியூருக்கு விடுவதில்லை, மொட்டை மாடிக்குப் போனாலும் கூப்பிட்டுவிடுகிறாள். அவன் தலையின் கனத்தோடு நின்றுகொண்டிருப்பேன். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அன்றைக்கு மேடையில் அந்தச் சொல் பழக்கத்தில் வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளப் போகிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சண்டைக்கு முந்தைய வாரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பல் கவசத்தை மாட்டிக்கொண்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலை மீறிக் கேட்கிறதா என்று "இரு" "இரு" என்று சொல்லிப் பார்த்தேன். அரங்கத்தில் சத்தம் அதிகமாக இருக்கும் அல்லவா.

மனசாட்சி உறுத்தியது, வந்துவிட்டேன். வேறு காரணம் கிடையாது. பட்டத்தைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், ஆயுளுக்கும் தடை போடுங்கள், ஜெயிலுக்கு அனுப்புவதானாலும் சரி. என்னை யாரும் அடித்து வீழ்த்தியதில்லை என்பது மட்டும் எப்படியும் நிற்கும். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு சின்ன விஷயம். தரகர் அவசரப்பட்டு இடதுகைக்காரனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்துவிட்டார். உங்கள் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிடும், இல்லையா?