சீர்த்தட்டில் போன விளையாட்டுப் பெட்டி

நம் கோயில் திருவிழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் போன்றவனையும் நம்பி ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! பாட்டுப் போட்டிக்கும் பந்துப் போட்டிக்கும் பரிசுகளைத் தன் கடையிலிருந்தே வாரி வழங்கியிருக்கும் திண்டுக்கல் முகமது பாரூக் பாய் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இவன் எப்போது இறங்குவான், ஆட்டம் எப்போது தொடங்கும் என்று பின்னால் நின்று பொறுமை காக்கும் இளைஞர்களே! மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் எதிரே, என்னைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த அக்கா ஆனந்தமேரி அவர்களே! அக்காவின் கணவரும் என் மச்சானுமான இஞ்ஞாசி வாத்தியார் அவர்களே! ஆத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ராயப்பராஜ் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

'குழந்தைகளும் விளையாட்டும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் கவிழ்ந்து, கருகிய காயிலைக் கழற்றிக் கட்டிக் காலம் கழிக்கும் எனக்கு இந்தத் தலைப்பில் பேச என்ன தகுதி? ஒரே ஒரு தகுதி. இரண்டு குழந்தைகளின் விளையாட்டைக் கெடுத்தவன் நான். அந்த அனுபவத்தில் இந்த வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஒரே ஒருவர்தான் உண்டு. அவரும் இன்று வந்திருக்கிறார்.

என் மகள் நான்சி. அக்கா மகன் ரொனால்டு. ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே தண்ணீர் பாட்டில். மூன்று வருடங்களுக்கு முன்னால் இருவருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கோயிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை. அப்போது இரண்டும் கேட்டது ஒரே பொருள். இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற வீடியோ கேம் பெட்டி. நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான். அதைச் செய்ய உலகத்தில் இரண்டு கம்பெனிகள் மல்லுக்கட்டி நின்றன. அவன் திரையைப் பெரிதாக்கினால் இவன் எடையைக் குறைப்பான். இவன் பேட்டரியைக் கூட்டினால் அவன் வேகத்தைக் கூட்டுவான். கம்பெனிகளின் பெயர் சொல்ல மாட்டேன். விளம்பரத்துக்கு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. சிவப்புப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் ரொனால்டு என் பட்டறைக்கு வந்தான்.

"மாமா, நான்சிக்கு எங்கப்பா சிவப்புதான் வாங்குறாக. நீங்களும் எனக்குச் சிவப்பே வாங்குங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் சேர்ந்து ஆட முடியும்."

பத்து வயதுப் பிள்ளை. எவ்வளவு தெளிவு! நாற்பது வயது மாமனுக்கு அதில் பாதி இருந்ததா? இல்லையே! என் புத்தி எங்கே போனது தெரியுமா? நான் தாய்மாமன். அத்தை வீட்டுச் சீரும் தாய்மாமன் சீரும் ஒரே பெட்டியா? சமமாகப் போனால் எனக்கு என்ன மரியாதை? நேரே பாரூக் பாய் கடைக்குப் போனேன்.

"உங்க மச்சான் நேத்துத்தாண்ணே சிவப்பு எடுத்துட்டுப் போனாரு. நீங்களும் அதையே எடுங்க. கறுப்பும் சிவப்பும் ஒண்ணோட ஒண்ணு சேராது."

"சிவப்பைவிடப் பெருசு எது பாய்?"

"பெருசுன்னா கறுப்புதான். ஆனா..."

"ஆனாவெல்லாம் அங்கிட்டு வைங்க. கறுப்பைக் கட்டுங்க."

பாய் தலையை ஆட்டுகிறார், பார்த்தீர்களா? சாட்சியை மேடையிலேயே உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

மும்முனை மின்சாரத்துக்கான மோட்டாரை ஒருமுனை இணைப்பில் மாட்டிவிட்டு ஓடவில்லை என்று வருகிற விவசாயியிடம், "பொருந்துமான்னு பார்த்து வாங்க மாட்டீகளா?" என்று அதட்டுவதே என் பிழைப்பு. அந்த நான்தான் இந்த வேலையைச் செய்தேன்.

புதுநன்மை அன்று மேளம் முழங்க, பட்டாசு வெடிக்க, பதினொரு தட்டுப் போனது. ஆப்பிள் ஒரு தட்டு, சாத்துக்குடி ஒரு தட்டு, வெள்ளை உடுப்பு ஒரு தட்டு. நட்டநடுத் தட்டில் ஜிகினாத்தாள் சுற்றிய கறுப்புப் பெட்டி. "தாய்மாமன் சீர், பெரிய திரை வீடியோ கேம்!" என்று ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. நான் மீசையைத் தடவினேன். ரொனால்டு பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு நான்சியைப் பார்த்தான். நான்சி தலையைக் குனிந்துகொண்டாள். பெண்பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் அவ்வளவு பெரிய அறிவாளி!

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். என் வீட்டில் இருந்தது மச்சான் வாங்கிய பெட்டி. மச்சான் வீட்டில் இருந்தது நான் வாங்கிய பெட்டி. ஆக, மச்சானை மட்டம் தட்ட வேண்டும் என்றால் நான் எதை மட்டம் தட்ட வேண்டும்? என் மகள் கையில் இருந்ததை! தட்டினேன். "என்ன பாப்பா இம்புட்டுச் சின்னத் திரை? தீப்பெட்டிக்குள்ள படம் பார்க்கிறாப்புல இருக்கு." அங்கே மச்சானும் தன் மகனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். "என்னடா, அம்மிக்கல்லு கணக்கா கனக்குது? காயில் கட்டுறவன் வாங்கினா இப்படித்தான் இருக்கும்."

நீங்கள் சொன்னதுதானே மச்சான்? நான் சொன்னதையும்தான் சொன்னேனே.

யாரது பின்னால், "சுருக்கமா முடி"ன்னு? செபஸ்தியானா? அப்பு, உன் மோட்டார் இன்னும் என் பட்டறையிலதான் கிடக்கு. செத்த நேரம் பொறு.

கம்பெனிக்காரன் போட்டி போட்டான், அவனுக்குப் பெட்டி விற்றது. கடைக்காரர் இரண்டையும் விற்றார், அவருக்கு வியாபாரம் நடந்தது. நாங்கள் போட்டி போட்டோமே, எங்களுக்கு என்ன நடந்தது? அந்த வருடம் கிறிஸ்துமஸ் விருந்து அக்கா வீட்டில். கறிச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னேன். "வாத்தியார் சம்பளத்துக்குச் சின்னத் திரைதான் கட்டுப்படியாகும்போல." யாரும் சிரிக்கவில்லை. அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே கறுப்புப் பெட்டி. சார்ஜர். அந்த ஜிகினாத்தாள்கூட மடித்து வைக்கப்பட்டிருந்தது.

தாய்மார்களே, தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம்? இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். வாயைப் பொத்துகிறீர்கள். நான் அன்று வாயைப் பொத்தவில்லை. உள்ளே போனேன். நான்சி கட்டிலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சிவப்புப் பெட்டியைப் பிடுங்கினேன்.

"அப்பா, ஒரே நிமிசம்ப்பா. ஆடுனதைச் சேவ் பண்ணிக்கிறேன்."

ஒரு நிமிடம்! மகள் கேட்டது ஒரே ஒரு நிமிடம்! கொடுத்தேனா? கொடுக்கவில்லை. அதே பையில் போட்டு, அதே தெருவில் நடந்து, அக்கா வீட்டுக் கதவில் தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது சிவப்பு ரொனால்டிடம், கறுப்பு நான்சியிடம். கை மாறியது. ஏதாவது பொருந்தியதா? பொருந்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் நான்சி சொன்னாளாம், "உங்கப்பா வாங்குனது தீப்பெட்டி." ரொனால்டு சொன்னானாம், "உங்கப்பா வாங்குனது அம்மிக்கல்லு." எங்கள் வாயிலிருந்து விழுந்ததை அப்படியே பொறுக்கி எடுத்து, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். கம்பெனிகளுக்காகச் சம்பளமில்லாமல் சண்டை போட்டவர்கள் நான்கு பேர்! அடுத்த கோடையில் அக்கா குடும்பம் திண்டுக்கல்லுக்கே குடிபோனது. இரண்டரை வருடங்களாக அக்காவின் கால் என் வாசலில் படவில்லை.

போன மாதம் எனக்குப் புத்தி வந்தது. சிரிக்காதீர்கள், எனக்கும் வரும். பாய் கடையில் ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினேன். விலையை இங்கே சொல்ல மாட்டேன், வீட்டுக்காரம்மா எதிரே இருக்கிறாள். நான்சியைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் ரொனால்டு டியூஷன் படிக்கிற இடத்து வாசலில் போய் நின்றேன். பையன் வெளியே வந்தான். என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். உதட்டுக்கு மேலே மீசை அரும்பியிருக்கிறது.

"ஏலே ரொனால்டு, நான்சிக்கும் சிவப்பு வாங்கிட்டேன்டா. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னான்.

"இல்ல மாமா, அது பழைய மாடல். என்னோடதை எங்க வச்சேன்னே தெரியல. இப்ப அதெல்லாம் யாரும் ஆடுறதில்ல."

நான்சி என் சட்டையை இழுத்தாள். "அப்பா, போகலாமா?"

ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் பேருந்துக்கு நிற்பதைப் போல நின்றார்கள்.

நாங்கள் ஜெயிக்கப் பார்த்த காலத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அய்யா! அந்தப் பெட்டி பழசானால் புது மாடல் வரும். இதைவிடப் பெரிய திரை வரும், இதைவிட வேகம் வரும். பத்து வயது வருமா? சேர்ந்து ஆட ஏங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை வருமா? எந்தக் கம்பெனிக்காரன் அதைச் செய்து தருவான்? எந்தக் கடையில் அதைக் கட்டி வாங்குவேன்?

இஞ்ஞாசி மச்சான்! கூட்டத்தைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகள் கேட்டது சிவப்பு. நீங்கள் வாங்கியது சிவப்பு. நீங்கள் வாங்கியதுதான் சரி. நான் வாங்கியது பிள்ளைக்கு அல்ல, என் மீசைக்கு. தோற்றவன் நான். மாமனாகத் தோற்றேன், தம்பியாகத் தோற்றேன், மகள் கேட்ட ஒரு நிமிடத்தைக் கொடுக்காத தகப்பனாகத் தோற்றேன்!

மச்சான்... மச்சான் எழுந்துவிட்டார். வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். தடுக்காதீர்கள், வழி விடுங்கள். இதை நான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். இன்று எழுந்து போக அவருக்கு உரிமை உண்டு.

அக்கா எழுந்திருக்கவில்லை.

அக்கா, மேடைப் பேச்சு இத்தோடு போதும். உன்கிட்டச் சொல்றேன். நாளைக்கு நம்ம வீட்டுல திருவிழாச் சாப்பாடு. வாக்கா. மச்சான் மனசு எறங்குனா அவரும் வரட்டும். ரொனால்டும் வரட்டும். நான்சியோட பேசணும்னு கட்டாயமில்ல, சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். தட்டு வேணாம், பழம் வேணாம், பை வேணாம். வெறுங்கையோட வாக்கா.

செவி கொடுத்தவர்களுக்கும், பாதியில் எழுந்து போனவருக்கும் என் நன்றி. வணக்கம்.