பின்வரிசைக் காரின் கண்ணாடி

என் பெயரை வாக்குமூலத்தில் மேலே எழுதிக்கொண்டீர்கள். தியேட்டரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'கேட் அக்கா' என்றால்தான் தெரியும். வயது நாற்பத்து மூன்று. தியேட்டரின் பின்சுவரை ஒட்டிய மாடி வீட்டில் கணவருடன் வசிக்கிறேன். நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. உட்காரச் சொல்லாதீர்கள், நின்றே சொல்கிறேன். எனக்கு இன்னும் உடம்பு ஒரு நிலைக்கு வரவில்லை.

சம்பவத்தன்று மதியக் காட்சியில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை அனுமதிக்கக் கூடாத படம் ஓடியது. அதற்கு முந்தைய வாரம் அதிகாரிகள் சோதனைக்கு வந்து உள்ளே சில பிள்ளைகளைப் பிடித்துவிட்டதால், மேனேஜர் என்னிடம், "இனிமே ஒரு பொடிசு உள்ள போச்சுன்னா நீங்க வெளிய போயிடுவீங்க" என்று சொல்லியிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். அப்போது இந்தப் புகாரைக் கொடுத்திருப்பவர் மனைவியோடும், ஐந்து வயது மதிக்கத்தக்க பெண் குழந்தையோடும் வந்தார். குழந்தையை விட முடியாது என்றேன். "அஞ்சு வயசுக்கு இதெல்லாம் என்ன புரியப்போகுது?" என்றார். "புரியாத படத்துக்கு ஏன் சார் கூட்டிட்டு வர்றீங்க?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு விளக்கை அணைக்கும் நேரத்தில் கணவனும் மனைவியும் மட்டும் வந்தார்கள். குழந்தை எங்கே என்று கேட்டேன். "அவ சித்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டா" என்று அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். குழந்தை உள்ளே போகிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நினைத்த மாத்திரத்தில் வந்து நிற்க அந்தச் சித்தி என்ன டிக்கெட் கவுன்டரிலா குடியிருக்கிறாள்? காட்சி தொடங்கினால் கேட்டை விட்டு நகரக் கூடாது. கேட்டுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தேன். தண்ணீர் குடித்தேன், மறுபடியும் நடந்தேன். முடியாமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போய், வண்டி நிறுத்துமிடத்துக் காவலர் அண்ணனைக் கேட்டேன். குழந்தையோடு யாரும் வெளியே போகவில்லை என்றார்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனதில், பின்வரிசையில் நல்ல வெயிலில் நின்ற சாம்பல் நிறக் காருக்குள் அந்தக் குழந்தை இருந்தாள். கண்ணாடிகள் முழுக்க ஏற்றப்பட்டிருந்தன. முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. "கதவத் திற கண்ணு" என்று கத்தினேன். கைப்பிடியில் கை வைத்தவள், கையை எடுத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு ஓடிப்போய் ஆபரேட்டரிடம் கார் எண்ணைச் சொல்லித் திரையில் போடச் சொன்னேன். 'இந்த வண்டி வழியை மறிக்கிறது, உரிமையாளர் வரவும்' என்ற வாசகம்தான் எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். எண்ணை மட்டும் மாற்றுவார்கள். அவர் அதையே போட்டார். அவசரத்தில் நானும் அதை யோசிக்கவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. நான் திரும்பி வந்தபோது குழந்தை சீட்டில் சாய்ந்துவிட்டிருந்தாள். தட்டியதற்குக் கண்ணைத் திறக்கவில்லை.

அதன்பிறகு தீயணைப்பு மணல் வாளியைத் தூக்கி வந்து முன்பக்கக் கதவுக் கண்ணாடியில் அடித்தேன். மூன்றாவது அடியில் உடைந்தது. கையை விட்டுக் கதவைத் திறந்து, குழந்தையை நிழலில் கிடத்தித் துணியை நனைத்துத் துடைத்தேன். கண் விழித்தாள். காவலர் அண்ணன் ஓடிப்போய்ப் படத்தை நிறுத்தச் செய்த பிறகே பெற்றோர் வெளியே வந்தார்கள். குழந்தையின் அப்பா முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தார். "வழிய மறிக்குதுன்னுதானே போட்டீங்க, இடைவேளைல எடுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை.

மேலே எழுதியிருப்பது நான் சொன்னதுதான். படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கண்ணாடியை உடைத்தது நானே. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று, அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்பாவைப் பார்த்ததும் அந்தக் குழந்தை முதலில் அழவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "நான் திறக்கலப்பா" என்றாள்.

வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.