என் பொண்ணு மூக்கு

செஞ்சி பேருந்து நிலையத்தில் மேல்மலையனூர் பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவள் சட்டென்று சொன்னாள்.

“என் பொண்ணுக்கு மூக்கையே மாத்திட்டாங்கக்கா.”

“இன்னாடி ஒளர்ற? உனக்கு ஏது பொண்ணு?”

“நைஜீரியாக்காரரு ஒருத்தரு சொந்தமா காமிக்ஸ் போடறாரு, நான் வரைஞ்சி குடுக்கறேன்னு சொன்னேனே, அதுல வர்றவ. விண்வெளியில சண்ட போடுவா. மொத புக்குலருந்து நான்தான் வரைஞ்சேன். இப்ப வேற ஒருத்தன் வரையறான்.”

“அப்புறம் ஏன் வுட்ட?”

“ஸ்கூட்டிலருந்து வுழுந்து கை ஒடஞ்சிச்சே, அப்ப. சரியாவற வரைக்கும் காத்திருக்கேன்னுதான் அவரு சொன்னாரு. எங்க நைனாவும் அவசரப்படாதன்னாரு. எனக்குத்தான் பயம். இனிமே கோடே நேரா வராதுன்னு நெனச்சி, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு மெசேஜ் போட்டுட்டேன்.”

“இப்ப கை எப்டி இருக்குது?”

“நல்லா ஆயிடுச்சிக்கா. நடுக்கமே இல்ல.”

மூத்தவள் போனை வாங்கிப் பார்த்தாள். “அப்ப திரும்பக் கேளேன். புது ஆளு சரியா வரையலன்னு சொல்லு.”

இளையவள் போனைத் திரும்ப வாங்கி, அந்த முகத்தை விரலால் பெரிதாக்கினாள்.

“எப்டிக்கா சொல்றது? மோசமா வரைஞ்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும். அவ பயப்படற மாதிரி ஒரு மூஞ்சி எனக்குக் கடைசி வரைக்கும் வரல. இவன் வரைஞ்சிட்டான்.”