உச்சி நிலையில் ஒரு வேண்டுதல்

உச்சிவேளை. வேலூர்க் கோட்டை அகழிப் பாலத்தில் ஈ காக்கை இல்லை... பகல்தானே என்று சிரிக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், நம் தெரு ஆதிகேசவனின் சித்தப்பா தனகோடிக்கு நடந்தது இது. ஆம்பூரில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை அவருக்கு. தொட்டியில் ஊறிய தோலிலிருந்து மயிரை வழித்தெடுக்க வேண்டும். மூன்று வயது மகள் சுந்தரிக்கு விடாத காய்ச்சல். மருந்து வாங்க வேலூர் வந்தவரைக் கூட வந்த தோல்ஷாப் கூட்டாளி ஆபித் பாஷா கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு இழுத்தார்.

"வேலூர் வந்துட்டு கோபுரம் பாக்காம போனா ஊர்ல சிரிப்பாங்க, தோஸ்த்."

"கொழந்த அங்க கொதிக்குது பாய். எனக்கு இன்னா கோபுரம்?"

"ரயிலு சாயங்காலந்தான். ஸ்டேஷன்ல குந்திக்கினு பேஜாராவறதுக்கு இத்த பாரு."

அது கோயிலுக்குள் மூலவர் இல்லாத காலம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் வருவார்கள். வாசலில் இருந்த காவல்காரர் வெற்றிலையை அடுத்த கன்னத்துக்குத் தள்ளினார்.

"ஏறிப் பாருங்க. மேல கையெடுத்து மட்டும் கும்புடாதீங்க."

"கும்பிட்டா இன்னா?" என்றார் பாஷா.

காவல்காரர் எச்சிலைத் துப்பிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

கோபுரத்துக்குள்ளே கும்மிருட்டு. வவ்வால் புழுக்கை நாற்றம் மூக்கை அறுத்தது. பாஷாவுக்கு மூச்சு வாங்கியது, பின்தங்கிவிட்டார். தனகோடி மட்டும் உச்சி நிலைக்கு ஏறி, மாடத்தின் வழியே எட்டிப் பார்த்தார். பாலாற்று மணல்... அதற்கப்பால் ஆம்பூர்த் திசை. கை தானாகக் குவிந்தது.

"எம் பொண்ணக் காப்பாத்து. முடி எறக்கறேன். அவளையே உன் காலடியில கொண்டாந்து போடறேன்."

கீச்சிட்டுக்கொண்டிருந்த வவ்வால்கள் சட்டென்று அடங்கின.

முதுகுக்குப் பின்னால், இருட்டில்...

"ம்."

"பாய்?"

"இருப்பா, வர்றேன்!" பாஷாவின் குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது.

வீடு திரும்பியபோது சுந்தரி எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "உச்சிப் பொழுதுல வேர்த்துச்சு, சுரம் எறங்கிடுச்சு" என்றாள் மனைவி பூவம்மாள். முடி இறக்குவதாக வேண்டியதைச் சொன்னார் தனகோடி. மற்றதை விழுங்கிவிட்டார்.

"சாமி இல்லாத எடத்துல யாருகிட்ட வேண்டுனே? பள்ளிகொண்டா பெருமாளுக்கு எறக்கிடலாம், உடு."

நாள் பார்த்தார்கள். புறப்பட இருந்த அன்று விடியற்காலை, பூவம்மாள் போட்ட அலறலில் தெருவே விழித்தது.

பாயில் முடி மொத்தமாகக் கிடந்தது. குழந்தையின் தலை மழமழவென்று... ஒரு கீறல் இல்லை. கத்தி படவே இல்லை. தனகோடி தொட்டுப் பார்த்தார். வழுக்கியது. விரலை முகர்ந்தார். சுண்ணாம்பு வாடை. தினமும் தன் கையால் வழித்துப் போடுகிற தோலின் அதே வழுவழுப்பு.

பூவம்மாள் அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். "போவட்டும். முடிதான? எடுத்துக்கிச்சு. வேண்டுதல் தீந்துச்சு."

தனகோடி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். மகளை இறுக அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

சுந்தரி அவர் தோளுக்கு மேலாக வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல...

"ம்" என்றாள்.