மாடியறை மம்பிக்கு நான் யார்

பெயர் அவ்ரில் பின்ச்பெக். வயது 57. இங்கிலாந்து, கிரிம்ஸ்பி துறைமுகம், கார்த் தெரு, 31-ஆம் எண் நகராட்சி வீட்டில் வசித்து வருகிறேன். மணவிலக்குப் பெற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மீன் அறுக்கும் வேலை பார்த்தேன். விரல்கள் மடங்காமல் போனதால் 2011 முதல் அரசு உதவித்தொகையும் வாடகை உதவியும் பெற்று வருகிறேன். நான் சொல்வது எனக்கு எதிராகப் பயன்படலாம் என்று உதவித்தொகை அலுவலக விசாரணை அதிகாரி செல்வி டார்ன்லி எச்சரித்தார். எனக்கு எதிராகப் பேசத் தெருவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

2013 ஏப்ரலில் என் மகள் கல்யாணமாகி லீட்ஸ் போய்விட்டதால் மாடியறை காலியானது. காலி அறை இருப்பதால் வாடகை உதவியில் வெட்டு விழும் என்று கடிதம் வந்தது. அதன் பின் நான் உதவித்தொகை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது, ஜன்னலில் இருந்த பெண், "வாடகைக்கு ஒரு ஆள வச்சுக்குங்களேன், எல்லாரும் அதத்தான் பண்றாங்க" என்றார். அரசாங்கம் சொன்னபடி நடந்தவள் நான் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின் கடைக் கண்ணாடியில் அறை வாடகைக்கு என்று சீட்டு ஒட்டினேன். ரோலண்ட் மம்பி, வயது 61, மீன் குளிர்கிடங்கில் வேலை, மனைவியை இழந்தவர், ஒரே பெட்டியோடு வந்தார். அவர் வாடகை தருவதை அன்றே அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்தேன். ஃபிரிட்ஜில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவருக்கு. அவர் என்னை மிஸஸ் பின்ச்பெக் என்பார், நான் அவரை மிஸ்டர் மம்பி என்பேன்.

அதன் பின் என்னால் ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது என்பதை அவர் கவனித்துவிட்டார். வேலைக்குப் போகும் முன் எல்லா மூடிகளையும் லேசாகத் திருகி வைத்துவிட்டுப் போவார். சொல்லிக்காட்ட மாட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை இறைச்சியில் அவருக்கும் ஒரு தட்டு வைக்கத் தொடங்கினேன். ஒற்றை ஆளுக்கென்று இறைச்சி வாட்ட முடியாது, வேண்டுமானால் செல்வி டார்ன்லி முயன்று பார்க்கலாம்.

அதன் பின் யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதினார்கள். நாங்கள் கணவன் மனைவி போல வாழ்வதாக அதில் இருந்தது. அப்படி வாழ்ந்தால் தனி ஆளுக்கான உதவித்தொகை கிடையாது. இவ்வலுவலகத்திலிருந்து ஒருவர் பதினொரு நாள் காலையில் காரில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்திருக்கிறார். மழை பெய்த அன்று அவருக்கு டீ கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். பாவம், யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இன்று எனக்குப் புகைப்படங்கள் காட்டப்பட்டன. என் கொடியில் மம்பியின் கால்சட்டை. இருப்பது ஒரே கொடி. என் காய்கறிப் பை மம்பியின் கையில். அது கனமான பை. ஒரே படுக்கையா என்று கேட்கப்பட்டது. "கண்ணு, என் படுக்கையில என் முதுகுவலிக்கே இடம் பத்தல" என்றேன்.

அதன் பின் குளிர்கிடங்கிலிருந்து வாங்கிய ஒரு அட்டை காட்டப்பட்டது. விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஊழியர்கள் எழுதித் தரும் அட்டை. மம்பியின் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் மனைவி என்று இருந்தது. தேதி 2014 ஜனவரி 6. இது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அழுகை வந்தது. செல்வி டார்ன்லி தண்ணீர் கொடுத்தார்.

அது உண்மையானால் அந்தத் தேதியிலிருந்து வாங்கியதை எல்லாம் திருப்பித் தர வேண்டும், வழக்கும் வரும் என்றார். "அவர் ஏமாத்த எழுதின பொய்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம், உதவித்தொகை நிக்காது, நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். மம்பி வெளியே நடையில் என் மழைக்கோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அட்டை எழுதிய நாளில் அது உண்மை அல்ல. அதன் பின் வந்த எந்த நாளிலும் அல்ல. அவர் மாடியில், நான் கீழே. ஆனால் அவர் ஏமாற்றுவதற்காக எழுதினார் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். எழுத வேறு ஆள் இல்லாமல் எழுதியிருக்கிறார். மருத்துவரிடம் எனக்கும் அப்படி ஒரு படிவம் இருக்கிறது, நான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அதன் பின், குடும்ப நிலை மாறினால், அதாவது தனி ஆள் துணையோடு சேர்ந்து வாழத் தொடங்கினால், தெரிவிக்கும் படிவம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். இன்றைய தேதி போடச் சொன்னேன். செல்வி டார்ன்லி பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், இன்னையோட உங்க பணம் நின்னுடும், தெரியுமில்ல?"

"தெரியும் கண்ணு. அவருக்குத்தான் இன்னும் தெரியாது. நான் வெளிய போய்க் கேட்டுட்டு வர்றேன், நீ முந்திக்காத."

மேலே கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) அவ்ரில் பின்ச்பெக்
12 நவம்பர் 2015, மாலை 3.20