நாத்தனாருக்கு ஒரு நேரடி விமானம்

எந்திரிக்காதீங்க சார், எந்திரிச்சா போச்சு. அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிறாரே ஒருத்தர், அவருக்கு உங்க நாற்காலி மேலதான் கண்ணு. நான் இப்ப தண்ணி குடிக்கப் போனேன், திரும்பி வந்தா என் இடத்துல ஒரு பெட்டி உக்காந்திருக்கு. ஆள் கூட இல்ல சார், பெட்டி. இத்தனை ஊருக்கு விமானம் விடத் தெரியுது, வரவங்களைக் கூட்டிட்டுப் போக வந்தவங்க உக்கார நாலு நாற்காலி போடத் தெரியல.

பேப்பர்ல அதே செய்திதானா? பயணிகள் எண்ணிக்கை எகிறிடுச்சு, புதுசு புதுசா வழித்தடம், ஊரே வளந்துடுச்சுன்னு படத்தோட போட்டிருப்பானே. அந்த எண்ணிக்கையில பாதி எங்க நாத்தனார் சார். மீதிப் பாதி மத்தவங்க வீட்டு நாத்தனாருங்க. விசாரிச்சுப் பாருங்க.

முன்னாடி இது தகரக் கூரை போட்ட ஒரு கூடம். காலையில ஒண்ணு வரும், அதுவே திரும்பிப் போகும், அப்புறம் நாய் படுத்துத் தூங்கும். எங்க வீட்டுக்காரரோட அக்கா ஊர்லேருந்து வரணும்னா ரெண்டு ரயில் மாறணும், நடுவுல ஒரு பஸ் வேற. அதனால வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க, வந்த களைப்பு தீரறதுக்குள்ள கிளம்பிடுவாங்க. எவ்வளவு அருமையான ஏற்பாடு. அதைக் கெடுத்தாங்க. நேரடி விமானம்னு சொல்லி ரிப்பன் வெட்டினாங்க. அந்தப் படத்தை எங்க வீட்டுக்காரர் கத்தரிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினாரு. அக்கா அங்க குளிச்சுட்டு இங்க வந்து காபி குடிக்கலாம்னாரு.

அப்புறம் என்ன, மாசம் தவறாம வந்தாங்க. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க சார். கல்யாணம் பண்ணிக்கல, அம்மா இல்லாத தம்பியை வளத்ததுலயே வயசு போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண? வந்து முகம் கூடக் கழுவாம சமையலறை அலமாரியைத் திறந்து, டப்பாவையெல்லாம் உயரம் பாத்து வரிசையா நிக்க வெப்பாங்க. அவங்க போனதும் நான் கலைச்சு வெப்பேன். அடுத்த மாசம் வந்து, ஒரு வார்த்தை பேசாம, மறுபடி அடுக்குவாங்க. திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். இதுல சாயங்காலமும் ஒரு விமானம் விட்டாங்க. காலையில தவறவிட்டவங்களுக்கு வசதியாம். எங்க நாத்தனார் வாழ்க்கையில எதைத் தவறவிட்டிருக்காங்க?

போன மழைக்காலத்துல எங்க வீட்டுக்காரர் குளியலறையில விழுந்துட்டாரு. வழுக்கினதுன்னு நெனச்சேன், பக்கவாதம். ஒரு பக்கம் கை கால் போச்சு, பேச்சும் போச்சு. பையனுக்கு ஃபோன் போட்டேன். அவன் வெளிநாட்டுல இருக்கான். இத்தனை வழித்தடம் விட்டாங்களே, அவன் இருக்கிற ஊருக்கு ஒண்ணு விட்டாங்களா? அங்க மாறணும், இங்க மாறணும், லீவு இல்லம்மான்னுட்டான். நாத்தனாருக்கு நான் சொல்லவே இல்ல. அவன்தான் சொல்லியிருக்கான். டாக்டர் பேசி முடிச்சு நிமிர்றாரு, பாத்தா என் பின்னாடி நிக்கிறாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வரும். படத்தைக் காட்டி இது என்ன, அது என்னன்னு கேக்கும். இவரு சுவரைப் பாப்பாரு. நானும் நாள் பூரா பேசிப் பாத்தேன். எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் நடக்கல. அப்புறம் நாத்தனார் நாற்காலியை அவருக்கு எதுத்தாப்ல இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. வாயைத் திற, முணுமுணுக்காதே, தலையைத் தூக்குன்னு ஒரே அதட்டல். நோயாளியை இப்படியா விரட்டறதுன்னு எனக்குக் கோவம். பாத்திரத்தை டங்கு டங்குன்னு வெச்சேன். கொஞ்ச நாள் இப்படியே போச்சு. ஒருநாள் உள்ள அவரு குரல் கேக்குது. கை ஈரத்தோட ஓடினேன்.

'அக்கா'ன்னாரு.

இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டது நான் சார். படுத்த படுக்கையில கிடந்தப்ப அள்ளிக் கொட்டினது நான். மொத வார்த்தை அக்கா. அடுப்படியில போய் நின்னு அழுதேன். சந்தோஷத்துல அழுதேனா, வயித்தெரிச்சல்ல அழுதேனான்னு எனக்கே தெரியல. அவங்க பின்னாடியே வந்தாங்க, ஒரு டம்ளர் தண்ணியை நீட்டினாங்க, நீட்டின கையோட மேடையில கோணலா இருந்த டப்பாவை நேரா வெச்சாங்க. எனக்கு எங்கேருந்து வந்துச்சோ, "அண்ணி, இனிமே இவரை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க வீட்டுக்குப் போங்க"ன்னுட்டேன். சரின்னு தலையாட்டினாங்க. அன்னைக்குச் சாயங்கால விமானத்துலயே போயிட்டாங்க. அதான் வசதி பண்ணி வெச்சிருக்காங்களே.

அப்புறம் வரவே இல்ல. இவருக்கு வந்த பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா நின்னு போச்சு. எங்க வீடு விமானம் இறங்குற பாதையில இருக்கு. ஒவ்வொண்ணு தலைக்கு மேல போறப்பவும் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்புவாரு. முன்ன மாதிரி ஒண்ணா ரெண்டா? திருப்பித் திருப்பி மனுஷனுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. வளர்ச்சின்னு எழுதறானே, இதை எழுதுவானா? நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன். தேய்க்கிறப்ப கண்ணு நிறைஞ்சு நின்னுச்சு அவருக்கு. எத்தனை நாள்தான் அதைப் பாத்துக்கிட்டு இருக்கறது? ஃபோனை எடுத்து நாத்தனாருக்குப் போட்டுட்டேன். அவங்க எடுத்ததும் நான்தான் முந்திக்கிட்டுப் பேசினேன்.

இந்தா, இறங்கிடுச்சு போல, கூட்டம் வருது. கொஞ்சம் தள்ளுங்க சார், மறைக்குது. அதோ, கண்ணாடி போட்டுக்கிட்டு, நிமிந்து நடந்து... என்ன இது, பின்னாடி ஒரு ஆள் வண்டியைத் தள்ளிட்டு வரான். இன்னொரு வண்டியும் வருது. இத்தனை பெட்டி, கட்டிப் போட்ட மெத்தை, மேசை விளக்கு. வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டாங்களே.

அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார். 'நாலு நாள் வந்துட்டுப் போங்க அண்ணி'ன்னு சொல்லணும்னுதான் ஃபோன் பண்ணினேன். 'வந்துடுங்க அண்ணி'ன்னுட்டேன். டீச்சராச்சே, ரெண்டுக்கும் வித்தியாசம் அவங்களுக்குத் தெரியாதா.